எலுமிச்சம்பழம் தொங்குன அதே ஆணியில வசன அட்டை: புதுசா விசுவாசத்துக்கு வந்தவங்களுக்கு

எங்க தெருவுல ஒரு அக்கா இருக்காங்க. ஞானஸ்நானம் எடுத்த மறுநாளே வாசல்ல தொங்கிட்டு இருந்த எலுமிச்சம்பழம், பச்சமிளகா, படிகாரம் எல்லாத்தையும் அவுத்துப் போட்டுட்டாங்க. அதே ஆணியில பைபிள்ல இருக்குற 91-ஆம் சங்கீதம் எழுதுன ஒரு கண்ணாடி பிரேம் அட்டைய மாட்டுனாங்க. மூணு மாசம் கழிச்சு ஒரு நாள் ராத்திரி காத்துல அது விழுந்து கண்ணாடி சுக்குநூறு. காலைல 6 மணிக்கு எனக்கு போன். "ஏம்மா, கண்ணாடி உடைஞ்சிருச்சும்மா, வீட்டுக்கு ஏதோ வரப்போகுது போல, பாஸ்டர வரச்சொல்லி ஒரு ஜெபம் பண்ணிரலாமா?"

எனக்கு சிரிப்பு வரல, ஏன்னா நானும் அப்படித்தான் இருந்தேன். தொங்குன பொருள்தான் மாறியிருக்கு, ஆணி அதே ஆணி, பயமும் அதே பயம்.

நான் பாஸ்டரும் இல்ல, வேதாகமக் கல்லூரில படிச்சவளும் இல்ல. குடும்பத்துல முதல் ஆளா விசுவாசத்துக்கு வந்தவ, அம்மா அப்பா இன்னும் வரல. எங்க சபையில சனிக்கிழமை சாயங்காலம் புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன வகுப்பு எடுக்குறேன், அதுல திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள வச்சுத்தான் இத எழுதுறேன். படிப்படியா சொல்றேன், ஆனா உங்களுக்கு எது முதல்ல தேவையோ அதுல இருந்து ஆரம்பிங்க.

முதல் படி: ஒரு நோட்டு வாங்குங்க

"எனக்கு மூடநம்பிக்கையே இல்லீங்க"ன்னு சொல்றவங்களுக்குத்தான் இது ரொம்ப அவசியம். ஒரு வாரம், ஏழே நாள், நீங்க எத செய்யாம தவிர்க்குறீங்க, எத பாத்தா மனசு திக்குங்குது, எத செஞ்சாதான் நிம்மதி வருது, மூணையும் எழுதுங்க. பூனை குறுக்க போனா வண்டிய நிறுத்துறது, கெளம்பும்போது யாராவது "எங்க போற"ன்னு கேட்டா உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டு போறது, தோள்ல பல்லி விழுந்தா காலண்டர் பின்னாடி பலன் பாக்குறது, செவ்வாய்க்கிழமை கடன் குடுக்காம இருக்குறது, எல்லாமே. வெக்கப்படாதீங்க, நோட்ட யார்கிட்டயும் காட்டப் போறது இல்ல.

என் கதைய சொல்றேன். விசுவாசத்துக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, அப்போ ஒரு ஸ்கூட்டி வாங்குனேன். ஷோரூம்ல வெள்ளிக்கிழமை காலைல 11 மணிக்கு வந்து வண்டிய எடுத்துக்கோங்கன்னு சொன்னாங்க. நான் "கொஞ்சம் வேலை இருக்கு, 12 மணிக்கு மேல வர்றேன்"னு சொல்லிட்டேன். எனக்கு ஒரு வேலையும் கிடையாது. வீட்ல டிவி பாத்துட்டு உக்காந்திருந்தேன். 12:05-க்கு கெளம்புனப்பதான் உறைச்சது, வெள்ளிக்கிழமை பத்தரைல இருந்து பன்னெண்டு ராகு காலம். யாரும் என்ன தடுக்கல, நான் காலண்டரும் பாக்கல, சின்ன வயசுல அம்மா சொல்லிக் குடுத்த "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" மண்டைக்குள்ள தானா ஓடியிருக்கு. தெரியாதவங்களுக்கு, ஒவ்வொரு வார்த்தையோட முதல் எழுத்தும் ஒரு கிழமை: திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. திங்கள் ஏழரை மணிக்கு ஆரம்பிச்சு ஒவ்வொரு கிழமைக்கும் ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போகும். இன்னிக்கு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், மனப்பாட வசனம் கூட எனக்கு அவ்வளவு சரளமா வராது!

நோட்டு எதுக்குன்னா இதுக்குத்தான். வாய் "இயேசு என் இரட்சகர்"னு சொல்லும், கால் 12:05-க்குத்தான் வாசப்படி தாண்டும்.

ரெண்டாவது: எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டாதீங்க

புதுசா வந்த வேகத்துல சிலர் வாசல்ல கோலம் போடுறதயும் விட்டுருவாங்க, தலையில பூ வைக்கிறதயும் விட்டுருவாங்க, பொங்கலுக்கு சக்கரப் பொங்கல் வச்சா தப்பான்னு கேப்பாங்க. இதுல சபைக்கு சபை கருத்து வேற, நான் அந்த சண்டைக்குள்ள போகல. ஆனா எழுதுன ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரே ஒரு கேள்விய எழுதுங்க: இத செய்யாம விட்டா என்ன ஆகும்னு நினைக்கிறேன்?

"அம்மா வருத்தப்படுவாங்க"ன்னு பதில் வந்தா அது பாசம். "வாசல் அசிங்கமா இருக்கும்"னா அது சுத்தம். "ராத்திரி நகம் வெட்டுனா கீழ விழுந்தது தெரியாது"ன்னா அது விளக்கு இல்லாத காலத்துப் பழக்கம், இன்னிக்கு டியூப் லைட் போட்டுட்டு வெட்டிக்கலாம். ஆனா "ஏதாவது நடந்துரும்"னு ஒரு பதில் வரும் பாருங்க, என்ன நடக்கும்னும் தெரியாது, ஏன் நடக்கும்னும் தெரியாது, ஆனா நடந்துரும், அதுதான் பிடிச்சு வெளிய இழுக்க வேண்டியது. நோட்டுல அத மட்டும் வட்டம் போடுங்க.

இடையில ஒண்ணு. "நம்ம முன்னோர்கள் முட்டாள்கள் இல்ல, எல்லாத்துக்கும் அறிவியல் காரணம் இருக்கு"ன்னு வாட்ஸ்அப்ல வரும்ல, அத வச்சு ஒரு பழக்கத்த காப்பாத்தவும் வேணாம், எதிர்க்கவும் வேணாம். அதுல பாதி நேத்து சாயங்காலம் யாரோ உக்காந்து எழுதுனது.

மூணாவது: கலாத்தியர முழுசா வாசிங்க

வசனத்த ஒண்ணொண்ணா பிச்சு எடுக்காம ஒரு நிருபத்த, அதாவது சபைக்கு எழுதுன ஒரு கடிதத்த, மொதல்ல இருந்து கடைசி வரை வாசிங்க. நான் எல்லாருக்கும் சொல்றது கலாத்தியர், மொத்தம் 6 அதிகாரம்தான், அரை மணி நேரம் போதும். பழைய மொழிபெயர்ப்பு நாக்குல உருளலைன்னா எளிய நடைல வந்தத எடுத்துக்கோங்க, 1995-ல வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் வாசிக்க லேசா இருக்கும்.

அதுல 4-ஆம் அதிகாரம் 10-ஆம் வசனம், "நாட்களையும், மாதங்களையும், காலங்களையும், வருஷங்களையும் பார்க்கிறீர்களே"ன்னு அத எழுதுன அப்போஸ்தலர் பவுல் கேக்குறார். உடனே "பாத்தியா, ராகு காலம் பைபிள்லயே இருக்கு"ன்னு குதிக்காதீங்க. பவுல் நம்ம காலண்டரப் பாக்கல. இன்னிக்கு துருக்கின்னு சொல்ற நாட்டுல இருந்த கலாத்தியா சபைக்கு எழுதுறார், அங்க சிலர் வந்து விருத்தசேதனம் பண்ணணும், யூத முறைப்படி நாள் பாத்து ஆசரிக்கணும், அப்பதான் நீங்க முழு விசுவாசின்னு குழப்பிட்டு இருந்தாங்க. பவுலோட கவலை என்னன்னா, முன்னாடி ஒரு அடிமைத்தனத்துல இருந்தீங்க, வெளிய கொண்டு வந்தாச்சு, இப்ப ஏன் இன்னொரு கயித்த நீங்களே கழுத்துல மாட்டுறீங்க. அந்த சந்தர்ப்பம் புரிஞ்சா நம்ம ராகு காலத்துக்கும் அது பொருந்துறது தானா புரியும், கூடவே நம்ம சபைக்குள்ள இருக்குற சில விஷயத்துக்கும் பொருந்தும், அத அப்புறம் சொல்றேன்.

சந்தர்ப்பத்தோட வாசிக்கணும்னு ஏன் இவ்வளவு அழுத்துறேன்னா, வனாந்தரத்துல இயேசுவ சோதிக்க வந்த பிசாசும் வசனம்தான் சொன்னான். அதுவும் எது தெரியுமா, அந்த அக்கா மாட்டியிருந்த அதே 91-ஆம் சங்கீதம். வசனம் சொல்றவங்க எல்லாம் சரியாத்தான் சொல்லுவாங்கன்னு இல்ல. பெரோயா ஊர்க்காரங்க பவுலே வந்து பிரசங்கம் பண்ணியும் "அப்படித்தான் இருக்கா"ன்னு தினமும் வேதத்த எடுத்துப் பாத்தாங்க, அதுக்காக அவங்கள அப்போஸ்தலர் 17-ல நற்குணசாலிகள்னு எழுதியிருக்கு. பவுலையே செக் பண்ணலாம்னா உங்க பாஸ்டரையும் பண்ணலாம், யூடியூப்ல கத்துறவர கண்டிப்பா பண்ணலாம், என்னையும் பண்ணுங்க.

நாலாவது: சின்னதா ஒண்ண எடுத்து மீறிப் பாருங்க

எல்லாத்தையும் ஒரே நாள்ல விடணும்னு வீராப்பு வேணாம். வட்டம் போட்டதுல ரொம்பச் சின்னது எதுன்னு பாருங்க. பூனைன்னா பூனை. அடுத்த தடவ பூனை குறுக்க போகும்போது "ஆண்டவரே, என் காலங்கள் உம்ம கையில இருக்கு"ன்னு ஒரு வரி, 31-ஆம் சங்கீதத்துல இருக்கு, சொல்லிட்டு வண்டிய நிறுத்தாம போங்க. சாயங்காலம் நோட்டுல எழுதுங்க, போனேன், இது நடந்துச்சு, அவ்வளவுதான். மனசு படபடன்னு அடிக்கும், அடிக்கட்டும், பரவால்ல. பயம் போன பிறகு கெளம்பணும்னு காத்துட்டு இருந்தா எந்த ஜென்மத்துலயும் கெளம்ப மாட்டீங்க.

இப்ப முக்கியமான விஷயம். மீறுன அன்னிக்கு ஏதாவது கெட்டது நடந்தா? நடக்கும். எனக்கு நடந்துச்சு. வேணும்னே ஒரு வெள்ளிக்கிழமை 11 மணிக்கு ஸ்கூட்டிய எடுத்துட்டு கெளம்புனேன், நாலு கிலோமீட்டர் கூட போகல, பின் டயர் பஞ்சர். வெயில்ல தள்ளிக்கிட்டு போறேன், அம்மா போன் பண்ணி "நான் அப்பவே சொன்னேன்ல"ங்குறாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. அன்னிக்கு ராத்திரி நோட்ட எடுத்து உக்காந்து யோசிச்சேன், அதே டயர் அதுக்கு முன்னாடி மூணு தடவ பஞ்சர் ஆகியிருக்கு, மூணும் ராகு காலம் இல்ல, ஒண்ணு நல்ல நேரம் பாத்து சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போனப்ப. அத யாரும் ஞாபகம் வச்சுக்கல. ராகு காலத்துல நடந்தது மட்டும் ஆணி அடிச்ச மாதிரி மனசுல நிக்கும், மத்ததெல்லாம் காத்துல போயிரும். பஞ்சர் கடைக்காரர் டயர கழட்டிப் பாத்துட்டு "வழுவழுன்னு தேஞ்சு போச்சு, மாத்துங்கம்மா"ன்னார், அதான் உண்மையான காரணம்.

இயேசுவும் இதே மாதிரி ஒரு செய்திய பேசியிருக்கார். சீலோவாம்ல கோபுரம் இடிஞ்சு விழுந்து 18 பேர் செத்துப்போனாங்க. எருசலேம்ல இருந்த மத்த எல்லாரையும் விட அவங்க பெரிய குற்றவாளிகள்னு நினைக்கிறீங்களான்னு இயேசு கேட்டு, இல்லைன்னு அவரே சொல்லிட்டார், லூக்கா 13-ல இருக்கு. ஏன் அவங்களுக்கு மட்டும் அப்படி ஆச்சுன்னு அவர் கணக்கு போட்டுக் காட்டல. நமக்கும் அந்தக் கணக்கு வேணாம்.

ஆனா மீறுறதுக்கும் ஆண்டவர சோதிக்குறதுக்கும் வித்தியாசம் இருக்கு. ஹெல்மெட் போடாம "எனக்கு தேவதூதர்கள் காவல்"னு போறது விசுவாசம் இல்ல. அதத்தான் பிசாசு கோயில் உச்சில நின்னு இயேசுவ செய்யச் சொன்னான்.

அப்புறம், பழச எரிக்கிறது. எபேசுல மந்திர வித்தை பண்ணிட்டு இருந்தவங்க விசுவாசிச்ச பிறகு புஸ்தகங்கள எல்லார் முன்னாடியும் எரிச்சாங்க, மதிப்பு 50,000 வெள்ளிக்காசு. ஒரு காசு ஒரு நாள் கூலின்னு வச்சுப் பாத்தா ஒருத்தர் 130 வருஷத்துக்கு மேல சம்பாதிக்கணும். பெரிய விஷயம்தான், ஆனா ஒண்ண கவனிங்க, அவங்க எரிச்சது அவங்களோட சொந்த புஸ்தகத்த. அம்மாவோட பூஜை அறைய கை வைக்கிறதுக்கு அங்க ஆதாரம் கிடையாது. அப்படி ஒரு தம்பி பண்ணிட்டு வந்து வகுப்புல பெருமையா சாட்சி சொன்னான், நான் முதல்ல போய் அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வான்னு அனுப்பிட்டேன்.

அஞ்சாவது: செய்வினை

இதுக்குத்தான் நெறைய பேர் வர்றாங்க. வியாபாரம் படுத்துருச்சு, கல்யாணம் தட்டிப் போகுது, பக்கத்து வீட்டுக்காரி ஏதோ வச்சிட்டா, வாசல்ல முட்டை கெடந்துச்சு, எலுமிச்சம்பழத்துல குங்குமம் தடவி இருந்துச்சு. இவங்க பயத்த "அதெல்லாம் சும்மா"ன்னு ஒரே வார்த்தைல தள்ளாதீங்க, பயப்படுறவங்களுக்கு அது சும்மா இல்ல. உக்காந்து இத வாசிச்சுக் காட்டுங்க: நீதிமொழிகள் 26:2, காரணமில்லாம போட்ட சாபம் குருவி பறந்து போற மாதிரி, தங்காது. எண்ணாகமம் 23, இஸ்ரவேல் ஜனங்கள சபிக்க குறி சொல்ற பிலேயாம காசு குடுத்து கூட்டிட்டு வந்தாங்க, அவனே யாக்கோபுக்கு, அதாவது அந்த ஜனங்களுக்கு, விரோதமான மந்திரவாதம் இல்லைன்னுட்டான். காசு வாங்குன ஆளே கைய விரிச்சிட்டான் பாருங்க!

இன்னொரு பக்கம் "பரம்பரை சாபம்". இது நம்ம ஆளுங்களே கிளப்புறது. உங்க தாத்தா ஏதோ பண்ணியிருக்கார், மூணு தலைமுறைக்கு கட்டு, அத உடைக்க ஸ்பெஷல் ஜெபம். இதுக்கு பதில் எசேக்கியேல் 18. அந்தக் காலத்துல ஜனங்க ஒரு பழமொழி சொல்லிட்டு இருந்தாங்க, அப்பன் திராட்சக்காய் தின்னான், பிள்ளைக்கு பல் கூசுதுன்னு. அத இனிமே சொல்லாதீங்கன்னு ஆண்டவரே நிறுத்துறார், அப்பனோட அக்கிரமத்த பிள்ளை சுமக்க மாட்டான்னு நேரா சொல்லியிருக்கு. யோவான் 9-ல பிறவிக் குருடனப் பாத்து இவன் பாவமா இவனப் பெத்தவங்க பாவமான்னு சீஷர்களே கேட்டாங்க, ரெண்டும் இல்லன்னு பதில். குடிகார அப்பாவோட பிள்ளைக்கு வீட்ல கஷ்டம் இருக்காதா, இருக்கும். அது காயம், ஆறணும், நாள் ஆகும். அத சாபம்னு சொல்லி கட்டணம் வாங்க முடியாது.

கட்டணம்னு சொன்னதும் ஒரு விதி, நோட்டு அட்டையிலயே எழுதி வச்சுக்கோங்க. யாரா இருந்தாலும், வேட்டி கட்டி இருக்கட்டும், வெள்ள சட்ட கோட்டு போட்டிருக்கட்டும், முதல்ல உங்க பயத்த ஏத்திவிட்டு அப்புறம் ஒரு தொகை சொன்னா செருப்ப மாட்டிட்டு கெளம்பிருங்க. நாகமான்னு ஒரு படைத்தலைவன் குஷ்டம் குணமாகி வண்டி நெறைய வெள்ளி பொன்னோட வந்தான், தீர்க்கதரிசி எலிசா ஒண்ணும் தொடல. பின்னாடியே ஓடிப் போய் ரெண்டு தாலந்து வெள்ளியும் ரெண்டு மாத்து துணியும் வாங்குனவன் எலிசாவோட வேலைக்காரன் கேயாசி, அவனுக்கு என்ன ஆச்சுன்னு 2 இராஜாக்கள் 5-ல வாசிச்சுக்கோங்க. எங்க வகுப்புக்கு வந்த ஒரு குடும்பம் முதல்ல மந்திரவாதிக்கு தகடு எடுக்க குடுத்தாங்க, அப்புறம் ஒரு "தீர்க்கதரிசி"க்கு கட்டு உடைக்க குடுத்தாங்க. ரெண்டாவது ஆளுக்கு குடுத்தது அதிகம். கடைசில கடைய எந்திரிச்சு நிக்க வச்சது மருமக, உக்காந்து கடன் நோட்ட எடுத்து யார் யார் எவ்வளவு தரணும்னு எழுதி வசூல் பண்ணுனா.

ஆறாவது: மாத்திரைய நிறுத்தாதீங்க

இதுல வளவளன்னு பேச ஒண்ணும் இல்ல. ஜெபம் பண்ணுங்க, மாத்திரையும் போடுங்க. "விசுவாசம் இருந்தா சுகர் மாத்திரை எதுக்கு"ன்னு கேக்குறவர்கிட்ட, லூக்கா யாருன்னு கேளுங்க, பவுல் கூடவே சுத்துன வைத்தியர். கூட ஊழியம் செஞ்ச தீமோத்தேயுவுக்கு வயிறு சரியில்லைன்னு பவுல் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கச் சொல்றார், அந்தக் காலத்து மருந்து அது. இன்னொரு கூட்டாளி துரோப்பீமுவ வியாதியாவே மிலேத்து ஊர்ல விட்டுட்டு வந்தேன்னு எழுதுறார். பவுலுக்கு விசுவாசம் பத்தலையா? 1954-லயே போட்ட ஒரு மத்திய சட்டம் இருக்கு, சர்க்கரை, புத்துநோய், வலிப்பு மாதிரி நோய்கள மந்திரம் தாயத்தால குணமாக்குறோம்னு விளம்பரம் பண்றதே குத்தம்.

தூக்கம் இல்லாம, யாரோ பேசுறது காதுல கேக்குதுன்னு, தனியா சிரிச்சு அழுதுன்னு யாராவது இருந்தா உடனே பிசாசுன்னு முடிவு கட்டி முடியப் பிடிச்சு ஆட்டாதீங்க, அடிக்கவே அடிக்காதீங்க. மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, கூடவே கைய பிடிச்சு ஜெபம் பண்ணுங்க. 14416-னு அரசாங்கத்தோட டெலிமானஸ் நம்பர் இருக்கு, இலவசம், தமிழ்லயே பேசுவாங்க.

ஏழாவது: நம்ம சபைக்குள்ள இருக்குற ராகு காலம்

இதுக்குத்தான் நான் இந்தக் கட்டுரையவே எழுத உக்காந்தேன். வெளிய இருந்து வந்தவங்க பழச விடுறது கஷ்டம்தான், ஆனா விட்ட இடத்துல அதே மாதிரி புதுசு ஒண்ணு வந்து உக்காருறது தெரியாமலே நடக்கும். இயேசுவே சொல்லியிருக்கார், பெருக்கி ஜோடிச்சு காலியா கெடந்த வீட்டுக்கு போன அசுத்த ஆவி ஏழு பேரக் கூட்டிட்டு திரும்பி வந்துச்சுன்னு.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல வாக்குத்தத்த அட்டை எடுப்போம்ல, கூடையில கைய விட்டு. எனக்கு அது பிடிக்கும், ஒரு வசனம் கையில வருது, வருஷம் பூரா யோசிக்கலாம், அதுல தப்பு இல்ல. ஆனா "ஆசீர்வாதம்" வராம "உபத்திரவம்"னு வந்தா திருப்பிப் போட்டுட்டு வேற எடுக்குறவங்கள நான் கண்ணால பாத்திருக்கேன். வசனத்துக்கு பதிலா ராசிபலன் வந்திருந்தாலும் அவங்க அதேதான் பண்ணியிருப்பாங்க. கண்ண மூடி பைபிள திறந்து விரல் பட்ட வசனம்தான் ஆண்டவர் இன்னிக்கு பேசுனதுன்னு எடுக்குறதும் இந்த ரகம்தான், கிளி ஜோசியத்துல கிளி எடுக்கும், இங்க நம்ம எடுக்குறோம். ஜெப எண்ணெய வாசக்கால்ல தடவுறது, பைபிள தலைமாட்டுல வச்சா கெட்ட கனவு வராதுங்குறது, "இத 10 பேருக்கு அனுப்பு, இல்லைன்னா..." மெசேஜ், எல்லாத்தையும் நோட்டுல எழுதி அதே கேள்விய கேளுங்க: செய்யாட்டி என்ன ஆகும்னு நினைக்கிறேன்?

"எண்ணெய் பூசி ஜெபம் பண்ணச் சொல்லி யாக்கோபு 5-லயே இருக்கே"ன்னு கேப்பீங்க. இருக்கு. ஆண்டவர் குடுத்த பொருளே கூட தாயத்தா மாறும்ங்குறதுக்கு பைபிள்லயே ரெண்டு கதை இருக்கு. ஒண்ணு, 1 சாமுவேல் 4, இஸ்ரவேலர் தோத்துட்டு இருந்த சண்டைக்கு, பத்துக் கட்டளைப் பலகை வச்சிருந்த உடன்படிக்கைப் பெட்டிய தூக்கிட்டு போனாங்க, பெட்டி வந்தா ஜெயிச்சிருவோம்னு. அன்னிக்கு விழுந்தது 30,000 பேர், பெட்டியும் போச்சு. இன்னொண்ணு, மோசே செஞ்ச வெண்கல சர்ப்பம். ஆண்டவர் சொல்லித்தான் செஞ்சார், அத நோக்கிப் பாத்தவங்க பிழைச்சாங்க. அத பத்திரமா வச்சிருந்து பல நூறு வருஷம் கழிச்சு அதுக்கே தூபம் காட்ட ஆரம்பிச்சிட்டாங்க. எசேக்கியா ராஜா அத உடைச்சுப் போட்டு நிகுஸ்தான்னு பேர் வச்சார், வெறும் வெண்கலத் துண்டு. 2 இராஜாக்கள் 18:4. மோசே கை பட்டத உடைக்க எவ்வளவு தைரியம் வேணும் பாருங்க.

கடைசி நாள் தேதி குறிக்கிறவங்க இன்னொரு கூட்டம். அமெரிக்காவுல 1844 அக்டோபர் 22-னு நம்பி காத்திருந்து ஏமாந்தாங்க, 2011 மே 21-னு ரேடியோவுல ஒருத்தர் சொல்லி அதுவும் போச்சு. அந்த நாள் பிதாவுக்கு மட்டும்தான் தெரியும்னு மத்தேயு 24:36 சொல்லுது, இதுக்கு மேல என்ன வேணும்.

அப்புறம் ஒண்ணு இருக்கு, இத யாரும் மூடநம்பிக்கை லிஸ்ட்ல சேக்க மாட்டாங்க. சாதி. பிறக்கும்போதே ஒருத்தன் ரத்தம் உசத்தி இன்னொருத்தன் ரத்தம் மட்டம்னு நம்புறத விட பெரிய பொய் நம்பிக்கை எது? பல்லி விழுந்தா நமக்குத்தான் பயம், இது அடுத்தவன மிதிக்குது. ஞானஸ்நானம் எடுத்து மூணு தலைமுறை ஆன குடும்பத்துல கூட பொண்ணு பாக்கும்போது முதல் கேள்வி அதுதான், "கிறிஸ்தவங்கதான், ஆனா நம்ம ஆளுங்களா?" சில ஊர்ல கல்லறைத் தோட்டத்துலயே பிரிவு இருக்கு. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-லயே தென்னிந்திய சபைகளுக்கு கடுதாசி எழுதி சபைக்குள்ள சாதி வித்தியாசத்த உடனே விடணும்னு சொன்னார், வேப்பேரி, தஞ்சாவூர் சபைகள்ல பெரிய எதிர்ப்பு. 190 வருஷத்துக்கு மேல ஆச்சு.

கலாத்தியர வாசிக்கச் சொன்னேன்ல, 2-ஆம் அதிகாரத்துல இதுவும் இருக்கு. அந்தியோகியாவுல பேதுரு புறஜாதியார், அதாவது யூதர் இல்லாதவங்க, கூட உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தார். எருசலேம்ல இருந்து ஆளுங்க வந்ததும் பயந்து போய் தனியா ஒதுங்கிட்டார். பேதுரு, அவ்வளவு பெரிய ஆள்! பவுல் எல்லார் முன்னாடியும் முகத்துக்கு நேரா கேட்டுட்டார். நாள் பாக்குறதயும் பந்தி பிரிக்கிறதயும் ஒரே நிருபத்துல ஒரே மூச்சுல கேக்குறார், நம்ம ஒண்ண மட்டும் பிரசங்கம் பண்றோம். புதுசா வந்தவங்க இதுக்கு என்ன பண்ணலாம்னா, யார் வீட்ல இதுவரைக்கும் சாப்பிட்டதில்லையோ அவங்க வீட்டுக்குப் போய் சாப்பிடுங்க. நோட்டுல எழுத வேண்டியது அதையும்தான்.

அந்த அக்காவுக்கு நான் என்ன சொன்னேன்னு கேக்கலையே? பாஸ்டர கூப்பிடல. நான் போய் உடைஞ்ச கண்ணாடிய கூட்டி அள்ளுனேன், ரெண்டு பேரும் காபி குடிச்சோம், 91-ஆம் சங்கீதத்த மொதல்ல இருந்து கடைசி வரை வாசிச்சோம், அவங்க அது வரைக்கும் முழுசா வாசிச்சதே இல்லையாம். ஆணியில இப்ப குடை தொங்குது.

கடைசியா: வீட்ல இருக்குறவங்க

நீங்க மாறுன வேகத்துல அவங்க மாற மாட்டாங்க, மாறணும்னு சண்டை போடாதீங்க. என் பொண்ணு பிறந்தப்ப அம்மா உப்பு மிளகா சுத்திப் போட வந்தாங்க. நான் "இதெல்லாம் பிசாசு வேலை"ன்னு கத்திட்டேன், ரெண்டு மாசம் அம்மா வீட்டுப் பக்கமே வரல. தப்பு என் மேலதான். அவங்களுக்கு பேத்தி மேல இருக்குற பாசத்த காட்டத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான். அப்புறம் நானே போய் கூட்டிட்டு வந்து சொன்னேன், "சுத்திப் போட வேணாம்மா, எங்களுக்கு அதுல நம்பிக்கை இல்ல, ஆனா நீ தெனமும் அவள மடியில வச்சு தலைய தடவிவிடு". கன்னத்துல மை வைக்கலாமான்னு கேட்டாங்க, வச்சுக்கோன்னேன். என் பொண்ணு அழகா இருந்தா அதுல, அவ்வளவுதான். இதுக்கு சபையில ஒரு அண்ணன் என்ன கேள்வி கேட்டார். மை எனக்கு பயம் இல்லண்ணே, அம்மா வராம போறதுதான் பயம்னு சொன்னேன். ரோமர் 14 முழுக்க இதப் பத்தித்தான், எதுல விட்டுக் குடுக்கலாம் எதுல கூடாதுன்னு நிதானமா வாசிங்க, உங்க வீட்டுக்கு உங்க கோடு வேற இடத்துல இருக்கலாம்.

கேலி பண்ணாதீங்க, முக்கியமா மத்தவங்க முன்னாடி. பயத்த விட்டவங்க நீங்கன்னா அது முகத்துல தெரியட்டும், வாயில தெரிய வேணாம். நாங்க ஊருக்குக் கெளம்பும்போது அம்மா இன்னும் போன் பண்ணுவாங்க. "அடியே, பன்னெண்டுக்கு மேல கெளம்புங்கடி."

"சரிம்மா, ஜெபம் பண்ணிட்டு கெளம்புறோம்."

"நீ பாக்கலைன்னா போ, உனக்கும் சேத்து நான் பாத்துக்குறேன்."

பதினொண்ணுக்கே கெளம்பிருவோம். போய் சேந்ததும் முதல் போன் அம்மாவுக்கு.